கிளேபாங் போன போர்வை

கோபம் வந்தால் மனிதர்களுக்குக் குரல் ஏறும். என் அண்ணிக்கு இறங்கும். எவ்வளவு கோபமோ அவ்வளவு மெதுவாகப் பேசுவாள். கோபம் முற்றிவிட்டால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். திட்டு வாங்குகிறவர் காதைக் கிட்டே கொண்டுபோய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாசாரில் ஒருநாள் மீன்காரன் நல்ல மீனுக்கு அடியில் செவுள் வெளுத்த மீனை வைத்துத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டான். அண்ணி பொட்டலத்தை அங்கேயே அவிழ்த்துப் பார்த்தாள். பிறகு அவனிடம் மலாயில் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. மீன்காரன் "என்ன, என்ன" என்று மேசைக்கு மேல் குனிந்து காதைக் கொடுத்தான். கேட்டதும் நிமிர்ந்தான். மறுபேச்சில்லாமல் வேறு மீன் எடுத்து வைத்தான். வீட்டுக்கு நடக்கும்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவனுக்குச் சொன்னது, அடெக். உனக்கு எதுக்கு?" என்றாள். அடெக் என்றால் மலாயில் தங்கை. அவள் என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

எங்கள் வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். அம்மா "ஊமைக் கோட்டான்" என்பாள். அண்ணன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இந்த வயதிலும் வயிறு எரிகிறது. அம்மாவாவது தொடக்கத்திலிருந்தே அண்ணியை வேண்டாம் என்றவள். அண்ணன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்தவன்.

அண்ணி செட்டிப் பெண். மலாக்காவுக்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே வியாபாரத்துக்கு வந்து இந்த மண்ணின் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர்களின் வம்சம். காஜா பெராங்கில் அவர்களுக்கென்று ஒரு கம்போங், தனிக் குடியிருப்பு, இருக்கிறது. மாரியம்மனைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் கட்டுவது சரோங், மேலே சட்டையாகப் போடுவது கெபாயா. நாங்களும் அதே காஜா பெராங்கில்தான், நாலு சந்து தள்ளி வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் அப்பா கப்பலில் வந்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து செத்தவர். அண்ணன் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். கோயில் திருவிழாவில் அண்ணியைப் பார்த்துவிட்டு, இவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று சோற்றைத் தள்ளிவைத்துச் சாதித்தான். எனக்கு அப்போது ஒரே சந்தோஷம். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. இருபது தாண்டியிருந்தோம்.

கல்யாணமாகி வந்த மறுநாளே அம்மா அவள் கெபாயாக்களை மூட்டை கட்டிப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள். சேலை கட்டச் சொன்னாள். அண்ணி கட்டினாள். தமிழ் பேசச் சொன்னாள். பேசினாள். "நான் சோறு ஆக்குது," "நீங்க குளிக்குது" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்ல வைப்பாள். "தமிழ் தெரியாத தமிழச்சிய பாத்திருக்கீங்களா? எங்க வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்." அண்ணனும் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வான். சோற்றைத் தள்ளிவைத்தவன் இவன்தானா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் வரும்போது கூடவே ஒரு தையல் மெஷினும் வந்தது. அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. கறுப்பு மெஷின், இரும்புக் கால்கள், அடியில் மிதி, மிதியிலிருந்து மேல் சக்கரத்துக்கு ஓடும் தோல் பெல்ட். எங்கள் வீட்டில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

டவுனில் மெஷின் விற்கும் கடை ஒன்றின் மாடியில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது. ரவிக்கையும் தலையணை உறையும் தைக்கக் கற்றுக்கொண்டால் வீட்டுக்கு ஆகும் என்று அண்ணனே அனுப்பினான். துணைக்கு நான். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு போர்வை தொங்கியது. மேலே ஒட்டுத்துணி, அடியில் ஒரு துணி, நடுவில் மெத்தென்று எதையோ வைத்து மூன்றையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தையல் நேர்கோடாகப் போகவில்லை. சிப்பி சிப்பியாக வளைந்து, ஒரு சிப்பியிலிருந்து அடுத்ததற்குத் தாவி, போர்வை முழுக்க ஒரே கோடாக ஓடியது. எங்கே தொடங்கினார்கள், எங்கே முடித்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணி கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றுவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்துத்தான் மாடிக்குக் கூட்டிப்போனேன்.

மேலே போனதும், "ரவிக்கை வேண்டாம். கீழே தொங்குறது வேணும்," என்றாள்.

வகுப்பு எடுத்தது ஒரு சீனப் பெண். மிஸ் என்று கூப்பிடுவோம். மிஸ் சிரித்துவிட்டு, மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் காலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அடியில் துணியை இழுத்துப் போகும் பற்களை ஒரு தகட்டால் மூடினாள். துணியை ஒரு மூங்கில் வளையத்தில் விறைப்பாக மாட்டினாள்.

"இனிமே மெஷின் துணியை நகர்த்தாது," என்றாள் மலாயில். "ஊசி ஏறும், இறங்கும், அவ்வளவுதான். எங்கே போறதுன்னு உன் கைதான் சொல்லணும்."

கேட்க எளிது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கால் மிதியை வேகமாக மிதித்து, கை மெதுவாக நகர்ந்தால் தையல் ஒரே இடத்தில் குவிந்து முடிச்சாகும். கை ஓடி, கால் பின்தங்கினால் தையல் நீளநீளமாகப் பல்லிளிக்கும். வளையத்தை வெடுக்கென்று இழுத்தால் ஊசி ஒடியும். அண்ணி முதல் நாளே வகுப்பிலிருந்த ஊசிகளை ஒடித்துத் தீர்த்தாள். அவள் தைத்த சிப்பிகள் நசுங்கிய தகர டப்பா போலிருந்தன. மிஸ் ஒரு சின்னக் கத்தியை நீட்டி, பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னாள்.

"தக் மாவு," என்றாள் அண்ணி. வேண்டாம். "பிரிச்சா துணியில ஓட்டை நிக்கும். தப்பும் தெரியும், ஓட்டையும் தெரியும். அது அங்கேயே இருக்கட்டும்."

"பார்க்க அசிங்கமா இருக்குமே."

"நான்தானே தைச்சேன். என் அசிங்கம்தானே."

மிஸ் கத்தியை மேசையில் வைத்துவிட்டாள். அந்த மாடியில் அண்ணி சிரித்தாள், மற்ற பெண்களைக் கேலி செய்தாள், மிஸ்ஸோடு வாக்குவாதம் செய்தாள். எங்கள் வீட்டில் வாயைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தவள் அங்கே தன் மொழியில் எவ்வளவு பேசுகிறவள் என்று அப்போதுதான் பார்த்தேன்.

போட்ட தையலை அவள் பிரிக்க மாட்டாள். சொன்ன சொல்லையும் அப்படித்தான். அதை எங்கள் வீடு சீக்கிரமே தெரிந்துகொண்டது.

ஒரு பண்டிகைக்கு அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல சரோங் உடுத்தி, கொண்டையில் பூ வைத்து, பெரிய தட்டு நிறைய தேங்காய்ப் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். என் அம்மா காப்பி கொடுத்தாள். எதில் கொடுத்தாள் என்றால், கக்கூஸ் வாளி எடுக்க வருகிற ஆளுக்கென்று பின்வாசலில் கவிழ்த்து வைத்திருந்த எனாமல் குவளையில். ஒரு மனுசனுக்கு அப்படித் தனியாக ஒரு குவளை வைத்திருந்ததே கேவலம். அதை எடுத்துச் சம்பந்தியம்மாளுக்குக் கொடுத்தாள். அந்த அம்மாள் எதுவும் தெரியாமல் குடித்து, காப்பி நன்றாயிருக்கிறது என்று மலாயில் சொல்லி, அண்ணியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அவர் சந்து திரும்புவதற்குள் பலகாரத் தட்டு பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கவிழ்ந்தது.

அண்ணி அடுப்படிக்கு வந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள்.

"என்னா சொன்ன?" என்றாள் அம்மா.

அண்ணி இன்னும் கிட்டே போனாள். இந்தமுறை எனக்கும் கேட்டது. "இனிமே இந்த வீட்ல உங்க கையால எதையும் வாங்கி நான் வாயில வைக்க மாட்டேன்."

தமிழ் தெரியாது என்று சிரித்தார்களே. ஒரு எழுத்துப் பிசகாத தமிழ்.

அன்றிலிருந்து அவள் தனக்கென்று தனியாக உலை வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்து அடுப்பு ஒழிந்த பிறகு ஒரு சின்னச் சட்டியில் சோறும் ஒரு கருவாடும். அம்மா அழுதாள், மாரில் அடித்துக்கொண்டாள், நாலு வீட்டில் சொன்னாள். குவளையைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான் அண்ணனிடம் சொன்னேன்.

"வயசானவங்க, பழைய பழக்கம்," என்றான் அவன். "அதுக்காக அம்மாவ அப்படிப் பேசலாமா? மன்னிப்புக் கேக்கச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க," என்றேன்.

சொன்னான். அண்ணி, "சொன்னது சொன்னது," என்றாள். அவன் இரண்டு மூன்று நாள் கத்திப் பார்த்தான். பிறகு ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மெஷினுக்கு முன்னால் குனிந்து, பெல்ட்டின் கொக்கியைக் கழற்றி உருவினான். பாம்பைச் சுருட்டுவது போலச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான். "அம்மா கால்ல விழு. சாயங்காலமே திருப்பித் தர்றேன்."

தினமும் அதை வேலைக்கு எடுத்துப்போனான், எடுத்துவந்தான். ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அரசாங்க வேலை பார்க்கிற, இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற மனிதன் செய்கிற காரியம் இது.

வகுப்பும் நின்றது. அண்ணி மெஷின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பாள். மிதியை மிதித்தால் அது காலடியில் சும்மா ஆடும். ஒருநாள் நான் போய் அவளுக்கு வலப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மேல் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஊசி ஏறி இறங்கியது. அண்ணி என்னைப் பார்த்தாள்.

"அண்ணன் பெல்ட்டத்தானே எடுத்துட்டுப் போனாரு," என்றேன்.

மிதிக்கிற காலும் நகர்த்துகிற கையும் ஒரே ஆளுடையதாக இருக்கும்போதே அது ஒத்துவராத வேலை. இப்போது சக்கரம் ஒரு ஆள், துணி ஒரு ஆள். முதல் சில நாட்கள் சண்டைதான். நான் பின்பக்கமாகச் சுற்றி நூலைச் சிக்கலாக்கிவிடுவேன். அவள் கை ஒரு வளைவில் தயங்கும், நான் தயங்காமல் சுற்றிவிடுவேன், முடிச்சு விழும். "அடெக், என் கையைப் பாரு, ஊசியைப் பார்க்காதே," என்பாள். "வளைவு வந்தா நீயும் மெதுவா. நேராப் போனா நீயும் ஓடு." எனக்குத் தோள் கடுத்தது. கை மாற்றிக்கொள்ள முடியாது, சக்கரம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் மூச்சு இழுப்பதை வைத்தே வளைவு வருவது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் சிப்பி சிப்பியாக ஒரு வரிசை முழுக்க முடிச்சில்லாமல் ஓடி முடிந்தது. அவள் அந்த வரிசையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினாள்.

அண்ணன் வந்து நின்று பார்த்தான். "எத்தன நாளைக்கு ஆட்டுவீங்கன்னு பாக்கிறேன்," என்றான். அம்மா, வீட்டில் மாவாட்ட ஆளில்லை, சக்கரம் ஆட்ட மட்டும் ஆளிருக்கிறது என்றாள். நான் மாவும் ஆட்டினேன், சக்கரமும் ஆட்டினேன்.

அப்படி வளர்ந்ததுதான் அந்தப் போர்வை. பெட்டிக்கு அடியில் தள்ளிய கெபாயாக்களை அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து வெட்டினாள். அவள் அம்மாவின் நைந்த சரோங்குகள், அவள் அப்பாவின் சட்டை, என் சின்ன வயதுப் பாவாடை ஒன்று. நடுவில் வைக்க ஒரு பழைய கம்பளி. கட்டிலை மூடுகிற அளவு. தொடக்கத்துச் சிப்பிகள் நசுங்கியிருந்தன. எதையும் பிரிக்கவில்லை. ஓர் இடத்தில் ஒடிந்த ஊசி முனை கம்பளிக்குள் போய்விட்டது. தேடி எடுக்க வேண்டுமானால் தையலைப் பிரிக்க வேண்டும். விட்டுவிட்டாள். போகப்போகச் சிப்பிகள் ஒன்றுபோல விழுந்தன. கடைசி ஓரத்தை முடித்த அன்று அதைக் கட்டிலில் விரித்து நாங்கள் இரண்டு பேரும் குறுக்கே படுத்துக்கொண்டோம்.

மெர்டேக்கா, சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம் அது. வெள்ளைக்கார அதிகாரிகள் சாமான் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் நாற்காலிகளில் இனி யார் உட்காருவது என்று கிளார்க்குமார்களுக்குள் ஓட்டம். அண்ணன் சட்டைக்குக் கஞ்சி கூட்டிப் போட்டுக்கொண்டான். துரை என்ன சொன்னார், துரை எப்படிப் பார்த்தார் என்பதுதான் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு.

ஒருநாள் நானும் அண்ணியும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது கட்டிலில் போர்வை இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "அவன்தான் எடுத்துட்டுப் போனான்," என்றாள்.

சாயங்காலம் அண்ணன் முகமெல்லாம் பல்லாக வந்தான். "துரை ஊருக்குப் போறாருல்ல. எல்லாரும் வெள்ளிச் சாமான், அது இதுன்னு குடுத்தானுங்க. நான் போர்வைய குடுத்தேன். அவரு சம்சாரம், மேம், கையில வாங்கிட்டு விடவே இல்ல. எல்லார் முன்னாலயும் எனக்குக் கை குடுத்தாங்க." பையிலிருந்து பெல்ட்டை எடுத்து மெஷின்மேல் வைத்தான். "இந்தா. இன்னொன்னு தச்சுக்கோ."

அண்ணி என்னவோ கேட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. எங்கே என்று கேட்டாள்.

அதை நான் அவனிடம் எடுத்துச் சொன்னேன். "கிளேபாங்ல துரை பங்களாவுக்குக் கொண்டுபோயிட்டாங்க," என்றான். "அதான் சொன்னேனே, இன்னொன்னு தச்சுக்கோன்னு."

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் அண்ணி அம்மாவுக்கு முன்னாலேயே சேலையை அவிழ்த்து வைத்தாள். வெட்டாமல் விட்டிருந்த ஒரே ஒரு கெபாயாவைப் போட்டுக்கொண்டு சரோங் கட்டினாள். நானும் கிளம்பினேன். அம்மா வாசலில் குறுக்கே நின்று எங்கே என்று கேட்டாள். அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம். கிளேபாங் பஸ்ஸில் ஏறினோம்.

கடலைப் பார்த்த பங்களா. முன் வராந்தா நிறைய மரப்பெட்டிகள். ஆணி அடித்து முடித்தவை, அடிக்க வேண்டியவை. மேம் தலையில் துணி கட்டிக்கொண்டு தானே நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி படியேறி, மலாயில், "நேத்து வந்த போர்வை என்னுடையது. அதை எடுத்துப்போக வந்திருக்கேன்," என்றாள்.

மேமுக்கு வேலைக்காரர்களோடு பேசுகிற அளவுக்கு மலாய் தெரியும். யார் என்று கேட்டாள். அண்ணனின் பெயரைச் சொல்லி, அவர் மனைவி என்றேன்.

"அவன் அம்மா தைத்தது என்று சொன்னானே," என்றாள் மேம்.

நான் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஒரு செட்டிப் பெண்ணைக் கட்டியிருப்பதைத் துரை முன்னால் சொல்ல அவனுக்கு மாலு, வெட்கம். அவள் தைத்ததைக் கொடுத்து நல்ல பெயர் வாங்க மட்டும் வெட்கமில்லை. அந்தப் போர்வைக்கு அம்மா ஒரு நூல் கோத்துக் கொடுத்ததில்லை.

"அது பரிசாக வந்தது," என்றாள் மேம். "பெட்டிக்குள் போய்விட்டது. ஆணியும் அடித்தாயிற்று. நாளைக்கு லோரி வருகிறது. நீ போய் உன் புருசனிடம் பேசு." உள்ளே போய்விட்டாள்.

அண்ணி வராந்தாப் படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. தோட்டக்காரர் ஒரு தமிழர், வாளியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "போயிருங்கம்மா. போலீஸ கூப்பிடுவாங்க. வீண் சூசா, தொல்லை."

"கூப்பிடட்டும்," என்றாள் அண்ணி. அவருக்குக் கேட்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மேம் சன்னல் வழியாக இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கதவு திறந்தது. மேம் ஆணி பிடுங்கும் இரும்புக் கம்பியைக் கையில் கொண்டுவந்தாள். ஒரு பெட்டியைக் காட்டினாள்.

"நீயே திற," என்றாள். வேலையாட்கள் உதவிக்கு வந்தார்கள். அவர்களை நிற்கச் சொல்லிவிட்டாள்.

அண்ணி கம்பியை வாங்கினாள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஆணியாக நெம்பினோம். என் உள்ளங்கையில் பலகைச் சிம்பு ஏறி ரத்தம் வந்தது. யாரும் நகரவில்லை. மூடியைத் தூக்கியபோது மேலே வைக்கோல். வைக்கோலுக்கு அடியில் ஒரு ஆளுயரக் கண்ணாடி. அது உடையாமலிருக்க அதைச் சுற்றித்தான் போர்வையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். கையில் வாங்கிவிட்டு விடவே இல்லை என்று அண்ணன் சொன்னானே, அந்தப் போர்வை.

அண்ணி கயிற்றை அவிழ்த்தாள். கண்ணாடியைக் கீறல் விழாமல் வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். போர்வையை உதறி மடித்தாள். மேம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் அண்ணியிடம் தேங்க்யூ என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் சேதி அலுவலகத்துக்குப் போய்விட்டது. அண்ணன் வந்தபோது அண்ணி கூடத்தில் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் மானத்த வாங்கிட்டியேடி," என்று கத்தினான். "நாளைக்கு நான் எப்படி அங்க போயி நிப்பேன்? ஒரு போர்வை. ஒரு பழந்துணிப் போர்வை. அதுக்காகத் துரை வீட்டு வாசல்ல போயி உக்காந்திருக்க. கம்போங் புத்தி."

அண்ணி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. எழுந்து அம்மாவிடம் போனாள்.

"நீங்க தச்சீங்களா?" என்று கேட்டாள்.

அம்மா முந்தானையைச் சரிசெய்தாள்.

"சொல்லுங்க. நீங்க தச்சீங்களா?"

"வீட்டு மானத்துக்காக அவன் ஒரு வார்த்த சொன்னான்," என்றாள் அம்மா. "ஆம்பள நாலு எடத்துல நாலு விதமா சொல்லுவான். அதப் போயி ஒரு பேச்சுன்னு கேக்கிற."

ஆக, அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறான் என்று தெரிந்துதான் எடுத்துப்போக விட்டிருக்கிறாள்.

அண்ணி போர்வையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அண்ணன், "போனா திரும்பி வராத," என்றான். அவள் நாலு சந்து நடந்து தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அவன் சொன்ன சொற்களில் அவள் மதித்து நடந்தது அது ஒன்றைத்தான்.

மறுநாள் அவள் தாய்மாமன்கள் இரண்டு பேர் தள்ளுவண்டியோடு மெஷினுக்கு வந்தார்கள். அண்ணன் வாசலை மறித்தான். எங்கள் வீட்டுக்கு வந்த சாமான், வெளியே போகாது என்றான். நான் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அந்தப் பக்கம் புடிங்க," என்றேன். அவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். நான் கையை விடவில்லை. சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்றதும் வழிவிட்டான். பெல்ட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். மாமன்கள் கேட்கவில்லை. அது எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

துரை போனார். கொடி மாறியது. அண்ணனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆமாம், கிடைத்தது. போர்வையைக் கொடுத்ததாலும் இல்லை, அண்ணி திருப்பி வாங்கியதால் நிற்கவும் இல்லை. வரிசையில் அவன்தான் அடுத்து இருந்தானாம், எப்படியும் வந்திருக்குமாம். கிடைக்காமல் போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அடுத்த வருசமே அம்மா பார்த்து வைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். பிள்ளைகள் பிறந்தார்கள். நல்ல அதிகாரி என்று பெயர் வாங்கி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று, தூக்கத்தில் செத்தான்.

அண்ணி தன் அம்மா வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டாள். கெபாயா தைத்தாள், கல்யாண வீட்டுக்குத் தலையணையும் தொட்டிலுக்கு விரிப்பும் தைத்தாள். பிறகு பெண்களுக்கு அந்தச் சிப்பித் தையலும் சொல்லிக்கொடுத்தாள். உஜோங் பாசிரிலிருந்தெல்லாம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். வந்தவர்களைத் திட்டுவாள். திட்டு கேட்கவில்லையே என்று அவர்கள் குழம்புவார்கள். மறுகல்யாணம் பேசிக்கொண்டு யாராவது வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

இதை நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் என் அண்ணன் மகன் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னான். "எங்கப்பாவுக்கு மொதல்ல ஒரு சம்சாரம் இருந்துச்சு. செட்டிச்சி. ஒரு போர்வைக்காகப் புருசனையே விட்டுட்டுப் போயிருச்சு. அவ்ளோ கோவம்." இலையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவன் அப்பாவின் அதே சிரிப்பு. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். சர்க்கரை கூடிவிட்டதா அத்தை என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் போன அடுத்த வாரம் நான் அவளைப் பார்க்கப் போனேன். அம்மா தடுத்தும் போனேன். அவள் முன்னறையில் எதையோ வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று, "அண்ணி," என்றேன். நிமிரவில்லை. மறுபடி, "அண்ணி," என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அண்ணின்னா உங்க அண்ணனோட பொண்டாட்டி. அது யாரும் இங்க இல்ல. எனக்குப் பேர் இருக்கு, தெரியுமா?"

தெரியும். கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். ஆனால் வாயால் சொன்னதில்லை. நாத்தனார் அண்ணியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. அண்ணன் "ஏய்" என்பான். அம்மா மற்றவர்களிடம் "அது" என்பாள். எங்கள் வீட்டில் அவள் இருந்த காலம் முழுக்க ஒருவரும், ஒருமுறைகூட, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் அதைச் சொன்னேன். முதல் தடவை நாக்கு புரளவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"உள்ள வா," என்றாள்.

அவள் சாகும்வரை பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். இங்கே மட்டும் அண்ணி என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் இருந்தால் இதற்கும் என்னைக் கேட்டிருப்பாள். ஆனால் இதை எங்கள் குடும்பத்தாரும் படிப்பார்கள். அவர்கள் வாயில் அந்தப் பேர் விழ வேண்டாம்.